எடை குறைந்த துப்பாக்கி

கோத்தகிரியில் செல்வமணி என்றொருவர் இருந்தார். தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆளரவமில்லாத பங்களாவில் குடியிருந்த நாளில், முறைப்படி மனுக் கொடுத்து, தற்காப்புக்கென்று ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். அதை ஒருநாளும் சுட்டதில்லை. ஆனால் உரிமத்தைக் கெடு தவறாமல் புதுப்பிப்பார். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் தோலுறையிலிருந்து எடுத்து, எண்ணெய் தொட்டுத் துடைத்து, பீரோவில் வைத்துப் பூட்டுவார்.

"எனக்கு ஒரு சேலையாவது இப்படி மடிச்சுக் கொடுத்திருப்பீங்களா?" என்று கேட்பார் மனைவி ஹெப்சிபா.

எழுபத்து மூன்றாம் வயதில் செல்வமணிக்கு மறதி நோய் வந்தது. காலையில் தெளிவாக இருப்பார். மதியத்துக்கு மேல் கலங்கிவிடும்.

ஒருநாள் மூன்று மணிக்கு ஹெப்சிபா அடுக்களையில் பரணிலிருந்து டப்பாவை இறக்கிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு வந்த செல்வமணி வாசலில் நின்றார். கையில் துப்பாக்கி. அதன் குழல் ஹெப்சிபாவின் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

"யாரு நீ? யாரைக் கேட்டு உள்ள வந்தே?"

நாற்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவருக்கு ஓடத் தோன்றவில்லை. "டீ போடப் போறேன். உங்களுக்கும் போடவா?" என்றார்.

கை மெல்லத் தாழ்ந்தது. "சர்க்கரை கம்மியா," என்று சொல்லிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார் செல்வமணி. டீயைக் குடித்து முடித்தபோது நடந்தது எதுவும் அவர் நினைவில் இல்லை.

அவர் தூங்கிய சமயம் பார்த்துக் குண்டுகள் ஆறையும் எடுத்துத் தையல் மிஷினின் இழுப்பறையில் போட்டுப் பூட்டினார் ஹெப்சிபா. துப்பாக்கியை அங்கேயே விட்டுவிட்டார். அதைத் துடைக்கும் அரைமணி நேரம் செல்வமணி பழைய செல்வமணியாக இருப்பார். அதையும் பறித்துக்கொள்ள மனம் வரவில்லை. குண்டு எங்கே என்று அவர் கேட்டபோது, "நீங்கதானே தனியா எடுத்து வச்சீங்க," என்று சொல்லிச் சமாளித்தார்.

அடுத்த மாதம் மகள் ஜெமிமா கோயம்புத்தூரிலிருந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டுக் கோபப்பட்டாள். "அதுல குண்டு இல்லன்னு தெருவுல போறவனுக்குத் தெரியுமாம்மா? அப்பா அவன்மேல நீட்டினா அவன் சும்மா இருப்பானா?"

அதே கறுப்பில், அதே அளவில் ஒரு பொம்மைத் துப்பாக்கி வாங்கி வந்து தோலுறையில் வைத்தாள். நிஜத் துப்பாக்கியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"உரிமம் உங்கப்பா பேர்ல இருக்கு. நீ கொண்டு போறது குத்தம்டி."

"தெரியும்மா. பிடிச்சா பிடிக்கட்டும்."

பஸ்ஸில் யாரும் அவளைச் சோதிக்கவில்லை. ஞாயிறுதோறும் செல்வமணி பொம்மையைத் துடைத்தார்; ஆராதனை முடிந்து வந்து உட்காரும்போது மதியம் தாண்டிவிடுவதால் வித்தியாசம் பிடிபடவில்லை. மனசிலிருந்து பெரிய பாரம் இறங்கிவிட்டதாகவே ஹெப்சிபாவுக்கு இருந்தது.

பிறகு தேர்தல் வந்தது. உரிமம் உள்ளவர்கள் எல்லாரும் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்று காவல் நிலையத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். செல்வமணி காலையிலேயே குளித்து, சட்டையைச் செருகிக்கொண்டு, பீரோவைத் திறந்து துப்பாக்கியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார்.

"ஹெப்சி, இதுல எடை இல்லையே."

யாரோ மாற்றிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், தன் கவனக்குறைவால் அது கெட்டவன் எவன் கையிலோ இருக்கிறது என்று முடிவுகட்டினார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. பரணையும் செருப்புப் பெட்டிகளையும் கொட்டித் தேடினார். ஸ்டேஷனுக்குப் போய்த் தன்னைக் கைது செய்யச் சொல்லப்போவதாகக் கிளம்பினார். ஹெப்சிபா செருப்பை ஒளித்து வைத்து நிறுத்தினார்.

மூன்றாம் நாள் செல்வமணியின் தம்பி ஜெபராஜ் வந்தார். ஹெப்சிபா எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினார்.

"நான் சொல்லிரப் போறேன் மைனி."

"வேண்டாம் தம்பி. அவரு தாங்க மாட்டாரு."

ஜெபராஜ் கேட்கவில்லை. அண்ணன் தெளிவாக இருந்த காலை வேளையில் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, அடுக்களையில் நடந்தது முதல் ஒன்று விடாமல் சொன்னார். செல்வமணி மனைவி பக்கம் திரும்பினார்.

"ஹெப்சி மேலயா நீட்டினேன்?"

ஹெப்சிபா தலையை அசைத்தார். செல்வமணி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் தாளும் பேனாவும் கேட்டார். இனி உரிமம் வேண்டாம், ரத்து செய்துவிடுங்கள் என்று தன் கைப்படவே எழுதினார். மறுநாள் காலை ஜெபராஜோடு கோயம்புத்தூர் போய், உரிமப் புத்தகத்தையும் குண்டுகளையும் கையில் வைத்துக்கொண்டு, மகளிடமிருந்து துப்பாக்கியை வாங்கினார். அதையும் குண்டுகளையும் அங்கேயே உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் ஒப்படைத்தார்.

ஒரு வாரத்தில் அதுவும் மறந்துபோயிற்று. துப்பாக்கியைப் பற்றி அவர் பிறகு கேட்கவே இல்லை. ஆனால் அன்றிலிருந்து அடுக்களை வாசல் வந்தால் நின்றுவிடுகிறார். "ஹெப்சி, நான் உள்ள வரலாமா?" என்று கேட்கிறார். ஏன் கேட்கிறார் என்று அவருக்கே தெரியாது.

குண்டை எடுத்த மனைவி, துப்பாக்கியை எடுத்த மகள், உண்மையைச் சொன்ன தம்பி. மூவருக்கும் அவர் உயிர். இவர்களில் செல்வமணிக்குச் சரியானதைச் செய்தது யார்?

ஜெபராஜ் என்பதே என் விடை. ஹெப்சிபா உயிரைக் காத்தார். அவர் இல்லையென்றால் மற்ற இருவருக்கும் வேலையே இருந்திருக்காது. ஆனாலும் ஆபத்தைப் பாதிதான் அகற்றினார். ஜெமிமா மீதியையும் அகற்றினாள். ஆனால் சட்டத்தை மீறினாள், அப்பாவைத் தன்னையே சந்தேகப்பட வைத்தாள். உரிமம் செல்வமணியின் பெயரில் இருந்தது. அதை விடும் முடிவும் அவருடையது. அந்த முடிவை எடுக்கும் மனிதர் காலை வேளையிலாவது இன்னும் இருக்கிறார் என்று நம்பியவர் ஜெபராஜ் மட்டும்தான். ஹெப்சிபா இதை ஒப்புக்கொள்வதில்லை. "அவரு வாசல்ல நிக்கிறதை நீங்க பாக்கலியே," என்கிறார்.