மூன்று சதவீதத் தரகு

மரகதவல்லி அம்மாளிடம் ஞானப் பாடம் கேட்க வருகிறவர்களில் வயதில் மூத்தவர் கோமதிநாயகம். அம்மாளுக்கு நாற்பத்து நான்கு, அவருக்கு அறுபத்திரண்டு. பொதுப்பணித் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் எதை நீட்டினாலும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். கோயில் விபூதிப் பொட்டலமானாலும் சரி.

அம்மாள் ஒரு காலத்தில் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தியவர். தென்காசியிலிருந்து இலஞ்சிக்குப் போகிற வழியில், இரண்டு அறையும் ஒரு கிணறும் உள்ள சின்ன மடத்தில் இருந்தார். அதிகம் பேசமாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை, மற்றவர்கள் எழுந்து போன பிறகும் கோமதிநாயகம் உட்கார்ந்திருந்தார். அம்மாள் புடலைக்குப் பந்தல் போடக் கொல்லைக்குப் போனார். இவரும் பின்னாலேயே போனார்.

“அம்மா, ஒரு மனுஷன் யோக்கியனா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிடுறது?”

“எந்த மனுஷன்?”

“பொதுவாத்தான் கேக்கேன்.”

அம்மாள் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

“வீட்டுப் புரோக்கர்” என்றார் கோமதிநாயகம்.

“ம்.”

“அப்பா வீட்டை விக்கப் போறேன். கோயம்புத்தூர்ல மகன் வீட்டுப் பக்கத்துல ஒரு ஃபிளாட் பாத்திருக்கேன். யார் கையையும் எதிர்பாக்காம மிச்சக் காலத்தை ஓட்டிரணும். மாசிலாமணின்னு ஒரு ஆளு பார்ட்டி கொண்டாந்திருக்காரு. ரெண்டு பர்சென்ட் கமிஷன் கேக்காரு.”

“அதிகமா?”

“ஒண்ணு கொடுத்தாப் போதும். அதுகூடப் பெருசில்ல. என்கிட்ட ஒரு விலை, வாங்குதவர்கிட்ட ஒரு விலை சொல்லிட்டு, நடுவுல நின்னு அடிப்பாரோன்னு இருக்கு. நேத்து போன் பேசிக்கிட்டே வந்தவரு, என்னைப் பாத்ததும் தெருப் பக்கம் தள்ளிப் போயிட்டாரு. எதுக்குப் போகணும்?”

“நாளைக்கு அவரை இங்க கூட்டிட்டு வாங்க, அண்ணாச்சி.”

கோமதிநாயகத்துக்குத் திருப்தி. கணக்கு நடத்திய அம்மாளிடம் சதவீதம் பேசி யாரும் தப்ப முடியாது.

மறுநாள் மாசிலாமணி மொபெட்டில் வந்து இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். கையில் பழைய ரெக்சின் பை. அம்மாள் இரண்டு பேருக்கும் சுக்குக் காப்பி கொடுத்தார்.

“ரெண்டு பர்சென்ட்டுக்கு என்ன செய்வீங்க?” என்று கேட்டார்.

“பத்துப் பேரைக் கூட்டிட்டு வந்தா ஒருத்தர் வாங்குவாரும்மா. மத்த ஒம்பது பேருக்கும் அலைஞ்ச பெட்ரோல் என்னுது. பத்திரம் பாக்கணும், வில்லங்கம் போட்டுப் பாக்கணும், விலை பேசி முடிக்கணும், பதிவு அன்னைக்குக் கூடவே நிக்கணும்.”

“வாங்குதவரும் தருவாருல்ல?” என்றார் கோமதிநாயகம்.

“தருவாரு. அவரும் ரெண்டு. அதை மொத நாளே உங்ககிட்ட சொல்லிட்டனே, சார்.”

சொன்னது உண்மைதான். தானாக ஏன் சொன்னார் என்பதுதான் கோமதிநாயகத்தின் சந்தேகம்.

“ஒண்ணு வாங்கிக்கிடுங்க.”

“கட்டாது, சார்.”

“ஒண்ணேகால்.”

“ஒண்ணேமுக்கால்னா பாக்கலாம். அதுக்குக் கீழ என்னால இறங்க முடியாது.”

இறங்க ஆரம்பித்துவிட்டார், இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஒன்றரைக்கு வருவார் என்று கோமதிநாயகம் நினைத்தார். வாயைத் திறப்பதற்குள் அம்மாள் பேசினார்.

“மூணு வாங்கிக்கிடுங்க.”

மாசிலாமணியின் டம்ளர் பாதி வழியில் நின்றது.

“என்னம்மா?”

“மூணு. அண்ணாச்சி தருவாரு.”

வெளி ஆள் முன்னால் கோமதிநாயகத்தால் அம்மாளை மறுத்துப் பேச முடியாது.

மாசிலாமணி சிரிக்கவில்லை. கேட்டதற்கு மேல் கிடைக்கிறதென்றால் முகம் மலர வேண்டும். அவர் முகம் சுருங்கியது. டம்ளரைக் கீழே வைத்தார். அம்மாளைப் பார்த்தார். கோமதிநாயகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

“எதுக்கு மூணு?”

“வேலை ஒழுங்கா நடக்கட்டும்னுதான்.”

“ரெண்டுக்கே ஒழுங்காத்தான் செய்வேன்” என்று பையை இடுக்கிக்கொண்டார். “ரெண்டு நாள் கழிச்சு வாரேன், சார்.”

காப்பி பாதி அப்படியே இருந்தது. மொபெட் சத்தம் ஓய்கிற வரை கோமதிநாயகம் பொறுத்தார்.

“இது என்னம்மா?”

“கொல்லையில பந்தல் சாயுது. அந்தக் கம்பைக் கொஞ்சம் வந்து பிடிங்க, அண்ணாச்சி.”

பிடித்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மனசு அரிக்க ஆரம்பித்தது. மாசிலாமணி கேட்டது இரண்டு. அம்மாள் சொன்னது மூன்று. மிச்சம் ஒன்று யாருக்கு? மடத்துக் கூரையில் தார்ப்பாய் போட்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் அம்மாள் யாரிடமும் ஒரு ரூபாய் கேட்டதில்லை. கேட்காதவர்கள் எப்படித்தான் வாங்குவார்கள்?

அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கித் திரும்பி நடந்தார். மடத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டார். “வீட்டுப் புரோக்கர் மாசிலாமணி இந்தப் பக்கம் அடிக்கடி வருவாரோ?”

“எந்த மாசிலாமணி? அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே” என்றார் கடைக்காரர்.

இவ்வளவு சட்டென்று பதில் வந்ததால் கடைக்காரர்மீதும் சந்தேகம் வந்தது.

சொன்னபடி திங்கட்கிழமை மாசிலாமணி வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை.

“சார், உங்களுக்கு ஒரு தங்கச்சி இருக்காங்களாமே?”

“யாரு சொன்னா?”

“எதிர்வீட்ல. முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். கேட்டதுக்கு மேல தாரேன்னு ஒரு ஆளு சொன்னதில்ல. இந்த வீட்ல ஏதோ கோளாறு இருக்குன்னு பட்டுச்சு. தெருவுல நாலு பேருகிட்ட விசாரிச்சேன். பங்குக்கு வேற யாரும் இல்லைன்னு சொன்னீங்களே, சார்?”

“இல்லதான். அவ எழுதிக் கொடுத்திருவா.”

“இன்னும் கொடுக்கலையா?”

“அடுத்த வாரம்.”

“எதுக்குக் கையெழுத்துன்னு அவங்களுக்குத் தெரியுமா?”

கோமதிநாயகம் பீரோப் பக்கம் பார்த்தார். அப்பா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம். வீட்டில் பாதி அம்பாசமுத்திரத்தில் இருக்கும் தங்கை உலகம்மாளுடையது. அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. வீட்டு வரியில் பெயர் மாற்ற வேண்டும் என்று சொல்லி அழைத்து வந்தால் வருவாள். அண்ணன் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவாள். அவள் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் விடுதலைப் பத்திரம் டைப் ஆகி பீரோவில் இருந்தது.

மாசிலாமணி வாசல் பக்கம் நகர்ந்தார்.

“பார்ட்டிகிட்ட இதை நான் சொல்லியாகணும், சார். எனக்கு எதுவும் வேண்டாம். ரெண்டும் வேண்டாம், மூணும் வேண்டாம்.”

அன்று மாலையே கோமதிநாயகம் மடத்துக்குப் போனார். செருப்பைக் கழற்றும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

“கெடுத்திட்டீங்களே, அம்மா! என் தங்கச்சி விஷயத்தை உங்களுக்கு யாரு சொன்னா?”

“உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களா?” என்று கேட்டார் அம்மாள்.

அவர் அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். பொய்யைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு முப்பத்தைந்து வருஷப் பழக்கம். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை.

“அப்போ எதுக்கு மூணு சொன்னீங்க?”

“அவர் யோக்கியரான்னு கேட்டீங்க. பாத்தேன்.”

“அவரையா பாத்தீங்க?”

“அவரை மட்டும்தான், அண்ணாச்சி.”

கோமதிநாயகம் கும்பிடாமல் திரும்பிப் போனார். மூன்று வெள்ளிக்கிழமை வரவில்லை.

நான்காவது வாரம் அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு அம்பாசமுத்திரம் போனார். உலகம்மாள் முன்னால் வைத்து, என்ன செய்ய இருந்தார் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். சத்தம் போடவில்லை.

“வீட்டு வரின்னு சொல்லியா கூட்டிட்டுப் போகப் பாத்தே?”

“ஆமா.”

“வந்திருப்பேன்” என்றாள்.

பிறகு பத்திரத்தை மடித்து அவரிடமே கொடுத்தாள். பகல் இரண்டு மணி. அடுப்படியில் குழம்பு கொதிக்கும் வாசனை வந்தது. அவள் சாப்பிடச் சொல்லவில்லை.

அதன் பிறகு மாசிலாமணியைக் கண்டுபிடிப்பதுதான் சிரமமாக இருந்தது. கோமதிநாயகத்தின் போனை அவர் எடுக்கவே இல்லை. கடைசியில் உலகம்மாளே பேசினாள். அவளிடம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்ட பிறகுதான் வரச் சம்மதித்தார். முதலில் வந்த பார்ட்டி கை நழுவிப் போயிருந்தது. வேறொருவர் கொஞ்சம் குறைத்துக் கேட்டார். வீடு விற்றது. ஆளுக்குப் பாதி. கோயம்புத்தூரில் பார்த்த ஃபிளாட் போய், ஒற்றை அறை ஃபிளாட் ஒன்று அமைந்தது.

பதிவு முடிந்த மறுநாள் கோமதிநாயகம் மடத்துக்கு வந்தார். வெயில் ஏறியிருந்தது. அம்மாள் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். இவர் கொஞ்சம் தள்ளி நின்றார்.

“முடிஞ்சுதா, அண்ணாச்சி?”

“முடிஞ்சுது.”

“தங்கச்சி வந்தாங்களா?”

“வந்தா. பத்திரம் முழுசையும் நின்ன நிலையில வாசிச்சா, அம்மா. பின்னால இருபது பேரு காத்துக்கிட்டு நிக்காங்க. ஒரு வரி விடல. கையெழுத்துப் போடுற இடத்துல விரல் வச்சேன். என் கையைத் தள்ளி விட்டுட்டா.”

அம்மாள் அடுத்த பாத்திரத்தை எடுத்தார்.

“புரோக்கர் கமிஷன் எவ்வளவுன்னு கேட்டா. ரெண்டுன்னேன்.”

“நம்புனாங்களா?”

“நம்பல. மாசிலாமணி பக்கம் திரும்பி அவருகிட்டயே கேட்டா.”

“அவர் என்ன சொன்னாரு?”

“ரெண்டுன்னாரு.”

“அதை நம்புனாங்களா?”

கோமதிநாயகம் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நம்பிட்டா” என்றார்.

அம்மாள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார்.

“அப்போ ரெண்டு அதிகமில்ல, அண்ணாச்சி.”