அடிக்கல்லைப் பறித்த நாய்

அந்தக் காலத்தில் நாயின் நாக்கு வாய்க்குள்ளேதான் இருந்தது. சித்திரை வெயிலிலும் வாயை மூடிக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். இன்றைக்கு நாம் பார்க்கிற இளைப்பும் எச்சிலும் பிறகு வந்தவை. எதனால் வந்தன என்றால், பொறாமையால் வந்தன. வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அப்போது விலங்குகள் பேசும். பேசும் என்றால் புறமும் பேசும் என்றுதான் அர்த்தம். நாயும் நரியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். கூழாங்கரடு என்ற மொட்டைக் கரட்டின் அடிவாரத்தில் பக்கத்துப் பக்கத்தில் வளை வெட்டிக் குடியிருந்தார்கள். மூத்தவன் நாய், சடையன். அவன் மனைவி காத்தாயி. இளையவன் நரி, அவன் பெயர் இந்தக் கதைக்கு வேண்டாம், அவன் வீட்டில் எல்லாம் மனைவி பொன்னுருவி வைத்ததுதான் சட்டம்.

கரட்டின் வயிற்றுக்குள் ஒரு பெரிய குகை இருந்தது. மார்கழி வந்தால் அடிவாரத்து உயிர்கள் எல்லாம் விடிகாலையில் எழுந்து, புல்லில் கிடக்கும் பனியை வாலால் கூட்டிக் குகைக்குள் தள்ளும். அங்கே அது குளிராக உறைந்து கிடக்கும். குகையிலிருந்து ஒவ்வொரு வளைக்கும் ஒரு மடை, மடைக்கு ஒரு கல். கோடையில் வெயில் உச்சிக்கு ஏறியதும் கல்லைக் கொஞ்சம் நகர்த்தினால் குளிர் வளைக்குள் வந்து படியும். நிழல் நீண்டதும் கல்லை மூடிவிட வேண்டும். இதுதான் ஊர் முறை.

குகையின் அடியில் இன்னொரு கல் இருந்தது. அதற்கு அடிக்கல் என்று பெயர். அதன் கீழே இருந்தது உறைகுளிர். கரட்டில் யாரும் குடிவருவதற்கு முன்பே அங்கே இருந்த பழைய குளிர் அது. அதன் மூச்சு கல் இடுக்கு வழியாக மேலே வந்து பட்டால்தான் மார்கழிப் பனி உறையும். உறைமோர் விடாத பால் தயிராகுமா? அது போலத்தான் இதுவும். மடைகாவல் பார்த்த முள்ளம்பன்றி விருமன் ஒவ்வொரு கோடைக்கும் மடை திறக்கிற அன்று அதைச் சொல்லுவான்.

"மேல இருக்கிறது நமக்கு. அடிக்கல்லுக்குக் கீழ இருக்கிறது இனிமே பிறக்கப்போறவுகளுக்கு. அதுல யாரும் கை வைக்கக் கூடாது."

எல்லோரும் தலையாட்டிவிட்டு அவரவர் கல்லைத் தேடிப் போவார்கள்.

காத்தாயிக்குப் பொன்னுருவியைக் கண்டால் ஆகாது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. பொன்னுருவியின் வால் கொஞ்சம் அடர்த்தி. அவள் புருஷன் அவள் சொன்னதைக் கேட்பான். பிறகு வந்தவள், மூத்தவளைவிடக் குறைவாக இருக்க வேண்டியவள், குறைவாக இல்லை. இது போதாதா?

எல்லாவற்றுக்கும் மேலே அந்த வளை. பொன்னுருவி தன் வளைக்கு வடக்குப் பார்த்து வாசல் வைத்திருந்தாள். உள்ளே போகும் வழியில் ஒரு வளைவு. வாசலில் கோரைப்புல் தட்டி. மடைக்கல்லை ஒரு நகம் அளவுக்கு நகர்த்துவாள், உடனே மூடிவிடுவாள். அந்தக் குளிர் பொழுது சாயும்வரை வளையை விட்டுப் போகாது. காத்தாயியின் வளையோ மேற்குப் பார்த்தது. வளைவு கிடையாது. சாயங்கால வெயில் சொந்த வீட்டுக்கு வருவது மாதிரி நேராக உள்ளே வந்து படுத்துக்கொள்ளும்.

அந்தக் கோடையில் காத்தாயி நிறைமாதம். செந்நாய் வீட்டில் வாக்கப்பட்டிருந்த நாத்தனார் அங்கம்மா, மதினியைப் பார்த்துக்கொள்ள என்று பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். வந்த அன்றே சாப்பிட்டு முடித்ததும் சொன்னாள்:

"சாப்பாடு உங்க வீட்லதான் மதினி. உங்க கைப்பக்குவம் யாருக்கு வரும்? படுக்க மட்டும் சின்ன மதினி வீட்டுக்குப் போயிட்டு வாரேன். அங்கதான் குளுகுளுன்னு இருக்கு."

கைப்பக்குவத்தைப் புகழ்ந்தது காத்தாயியின் காதில் விழவே இல்லை. மீதிதான் விழுந்தது. அங்கம்மா பாயோடு பக்கத்து வாசலில் நுழைவதைப் பார்த்தபோது, வயிற்றில் இருந்த குட்டிகளே திரும்பிப் படுத்தது போல இருந்தது அவளுக்கு.

சடையன் நல்லதைத்தான் சொன்னான். "மேக்கு வாசலை அடைச்சுட்டு வடக்கால ஒண்ணு வெட்டிருவோம். நடுவுல ஒரு வளைவு வச்சா வெக்கை உள்ள வராது. தம்பி வீட்ல அப்படித்தான இருக்கு?"

"அவளைப் பாத்து நான் வளை வெட்டணுமா? ஊரு சிரிக்காது?"

"வெக்கையில கிடந்து வேகுறதைப் பாத்தா மட்டும் சிரிக்காதாக்கும்."

காத்தாயி எழுந்துபோய் மடைக்கல்லைப் பிடித்து முழுசாக இழுத்துவிட்டாள்.

குளிர் குபுகுபுவென்று வந்தது. வந்த வேகத்தில் மேற்கு வாசல் வழியாகத் தெருவுக்கும் போனது. குளிர் வீணாகிறதே என்று அவளுக்குக் கவலை வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. வீட்டுக்குள் குளிர் இருந்து என்ன பயன், பக்கத்து வீட்டுக்குத் தெரியாவிட்டால்? வாசலில் பேருக்கு ஒரு ஓலைத் தட்டி தொங்கியது. அதையும் பிய்த்து எறிந்தாள்.

அதோடு விட்டாளா? செம்மறியிடம் கெஞ்சிக் கம்பளி ஒன்று வாங்கி வந்தாள். சித்திரை மத்தியானத்தில் அதைப் போர்த்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, பல்லைக் கிடுகிடுவென்று ஆட்டினாள். அந்தப் பக்கம் போன முயல் பயந்துபோய் நின்றது.

"என்ன மதினி, காய்ச்சலா?"

"காய்ச்சலெல்லாம் இல்ல. வீட்டுக்குள்ள ஒரே குளுரு, தாங்க முடியல. அதான் கம்பளி." பக்கத்து வளைக்குக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னாள்.

அங்கம்மா எட்டிப் பார்த்தாள். தெருவிலேயே குளிர் அடித்தது. அன்று மத்தியானம் அவள் பாய் இந்த வளைக்கு வந்துவிட்டது. காத்தாயி அதைத் தானே வாங்கி விரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

பொறாமைக்கு ஒரு குணம் உண்டு, ஒரு வீட்டில் அடங்கிக் கிடக்காது. முயல் வீட்டுக்குப் போய்த் தன் கல்லை இன்னும் கொஞ்சம் நகர்த்தியது. முயல் வாசலில் குளிர் அடித்ததைப் பார்த்துக் கீரி தன் கல்லை நகர்த்தியது. கொஞ்ச நாளில் அந்தத் தெரு முழுக்க வெயிலில் குளிர்ந்து கிடந்தது. யாருக்கும் பயனில்லாமல் குளிர் கள்ளிச்செடிகளின்மேல் போய்ப் படிந்தது.

ஒருநாள் பொன்னுருவி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, கல்லை எவ்வளவு வேணும்னாலும் திறந்துக்கங்க, நான் ஒண்ணும் சொல்லல. தட்டியை மட்டும் திரும்ப மாட்டிருங்க. குளுரு பூராம் தெருவுல போகுது. நீங்க மாசமா வேற இருக்கீங்க, பிள்ளைகளுக்கு வேணும்ல?"

காத்தாயி கம்பளியை நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"வயித்தெரிச்சல்னு நேராச் சொல்லு. வாசலைச் சாத்து, தட்டியை மாட்டுன்னு ஏன் சுத்தி வளைக்குற?"

பொன்னுருவி வந்த வழியே திரும்பி நடந்தாள். அந்தப் பேச்சு பொய்யாக இருந்திருந்தால் அவள் திருப்பிக் கேட்டிருப்பாள். பொய்யில்லை. அங்கம்மாவின் பாய் போன நாளிலிருந்து அவளுக்கும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. விருமனிடம் போய்ச் சொல்லலாம் என்று பாதி வழி வரைக்கும் போனாள். பொறாமையில் கோள் சொல்கிறாள் என்று ஊர் பேசுமே என்று நினைத்துத் திரும்பிவிட்டாள். அன்று அவள் திரும்பாமல் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

குகையில் குளிர் இறங்கிக்கொண்டே போனது. அக்கினி வெயில் தொடங்கியபோது மடையில் குளிர் நூலாகத்தான் வந்தது. அங்கம்மா புரண்டு புரண்டு படுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து பாயைத் தட்டினாள்.

"என்ன மதினி, முன்ன மாதிரி இல்லையே உங்க வீட்ல? சின்ன மதினி வீட்ல இப்பவும் அப்படியேதான் இருக்கு."

அவள் பாயைச் சுருட்டுகிற சத்தம் காத்தாயிக்கு என்னவோ செய்தது. "இரு, போகாத. இப்ப பாரு," என்று சொல்லிவிட்டு, பெரிய வயிற்றைத் தூக்கிக்கொண்டு மடைக்குள் நுழைந்தாள். மடை வழியாகவே குகைக்குப் போனாள். உச்சி வெயில் நேரம். விருமன் குகை வாசலில் முள்ளைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். குகை காலி. நடுவில் அடிக்கல் மட்டும் கிடந்தது. அதன் இடுக்கில் மெல்லிய மூச்சு வந்துகொண்டிருந்தது.

அவள் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. யோசித்தாள். பிறக்கப்போகிறவர்களுக்கு என்றால் அது தன் வயிற்றில் இருப்பவர்களுக்கும்தான் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தக் குட்டிகளின் முகத்தை அவள் இன்னும் பார்க்கவில்லை. பொன்னுருவியின் முகத்தைத் தினமும் பார்க்கிறாள்.

முன்னங்கால்களால் கல்லைச் சுற்றிப் பறித்தாள். மண் பின்பக்கம் தெறித்தது. கல் அசைந்தது. பல்லால் கவ்வி ஓர் இழுப்பு இழுத்தாள்.

உறைகுளிர் கரட்டையே உலுக்கிக்கொண்டு எழுந்தது. மடை வழியாகப் பாய்ந்து, அவள் வளையை நிறைத்து, மேற்கு வாசலை உடைத்துக்கொண்டு தெருவில் கொட்டியது. கள்ளிகள் வெளுத்தன. முயலின் மீசையில் பனி படிந்தது. அங்கம்மா பாயை விரித்துவிட்டு, நடுங்கிக்கொண்டே சிரித்தாள். "மதினின்னா நீங்கதான் மதினி!"

அந்த ஒரு பேச்சைக் கேட்பதற்காகத்தான் காத்தாயி அவ்வளவையும் செய்தாள். கேட்டுவிட்டாள்.

நிழல் நீள்வதற்குள் எல்லாம் முடிந்துபோனது. மடையில் வெக்கை வந்தது. விருமன் குகைக்குள் இறங்கி, கல் கிடந்த பள்ளத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தான். அவன் திட்டவில்லை.

"இனி எத்தனை மார்கழி வந்தாலும் உறையாது," என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு காவல் காக்க அவனுக்கும் ஒன்றும் இல்லை. முள்ளைச் சிலுப்பிக்கொண்டு புதருக்குள் போய்விட்டான்.

மறுநாள் வெயிலில் காத்தாயிக்குக் குட்டிகள் பிறந்தன. கண் திறக்காத, சுருக்கம் விழுந்த குட்டிகள். பிறந்த உடனே வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறின. காத்தாயி மடைக்கல்லை இழுத்தாள்; அனல்தான் வந்தது. மண்ணைப் பறித்தாள். அடிமண்ணில் கொஞ்சம் ஈரக்குளுமை இருந்தது. குட்டிகளை அதில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அதுவும் சுட்டது. வேறு இடத்தில் பறித்தாள். அதுவும் சுட்டது. வயிற்றுக்குள் வேகிற சூட்டைத் தாங்க முடியாமல் அவள் வாய் தானாகத் திறந்து, நாக்கு வெளியே தொங்கியது.

பொன்னுருவி ஓடி வந்தாள். "அக்கா, என் வளையில இன்னும் கொஞ்சம் இருக்கு. வளைவும் தட்டியும் இருக்கிறதால போகாம நிக்குது. பிள்ளைகளைக் குடுங்க."

காத்தாயி கொடுத்தாள். பெற்ற வயிறு, கொடுக்காமல் என்ன செய்யும்? குட்டிகளை உள்ளே கிடத்தியதும் ஒவ்வொன்றாக வாய் மூடித் தூங்கின. பொன்னுருவியின் அடர்ந்த வால் அவற்றின்மேல் கிடந்தது. வாசலில் நின்று பார்த்த காத்தாயிக்குக் கண் கலங்கியது. அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அங்கம்மாவுக்கு வாய் சும்மா இருக்காதே.

"சின்ன மதினி மட்டும் இல்லேன்னா இந்தப் பிள்ளைக கதி என்ன ஆகியிருக்கும்!"

காத்தாயியின் கலங்கிய கண் அந்த இடத்திலேயே காய்ந்தது. "என் பிள்ளைக அவ குளுர்லயா வளரணும்?" என்று கேட்டாள். உள்ளே பாய்ந்து, குட்டிகளின் பிடரியைக் கவ்விக் கவ்வி வெளியே எடுத்து வந்தாள். பொன்னுருவி வாலால் மறித்துப் பார்த்தாள், காலைப் பிடித்துக் கெஞ்சினாள். சடையன் கத்தினான். அவள் கேட்கவில்லை.

வெயில் பட்டதும் குட்டிகளின் வாய் திறந்தது. சின்னச் சின்ன நாக்குகள் வெளியே வந்தன. அவற்றோடு காத்தாயி கரட்டை விட்டு இறங்கி, ஊருக்குள் மனிதர்களின் வாசலைத் தேடிப் போனாள்.

நரி வளையிலேயே தங்கிவிட்டது. பகல் முழுக்க உள்ளே இருந்துவிட்டு வெயில் தாழ்ந்த பிறகுதான் வெளியே வரும். எங்கேயாவது அது ஊளையிட்டால், ஊர் நாய்களுக்கு இன்றைக்கும் பொறுக்காது. மூச்சு முட்டக் குரைக்கும்.

டவுனில் பெரிய துணிக்கடைப் பக்கம் போனால் பாருங்கள். உள்ளே ஏசி ஓடும், ஆள் வரட்டும் என்று கண்ணாடிக் கதவை அகலத் திறந்து வைத்திருப்பார்கள், குளிர் ரோட்டில் கொட்டும். எதிர்க்கடையில் இதைவிட அகலமாகத் திறந்திருக்கும். அந்த வாசலில் ஒரு நாய் குட்டிகளோடு படுத்திருக்கும். உள்ளே வராது. அதற்கு அந்த வாசலை முன்பே தெரியும்.

அன்று முதல்தான் நாய் நாக்கைத் தொங்கப் போட்டு இளைக்கிறது. எங்கே படுத்தாலும் படுக்குமுன் மண்ணைப் பறித்து, தான் தெருவில் கொட்டிய குளிரைத் தன் குட்டிகளுக்காகத் தேடிப் பார்க்கிறது.