திருப்பிப் போட்டா சரியாயிடும்

கோணமுடுக்குக்காரர்களைப் பற்றி யாராவது உங்களிடம் தப்பாகச் சொன்னால் நம்பாதீர்கள். சொன்ன சொல்லை அப்படியே கேட்கிற சனங்கள், அவ்வளவுதான். அதற்கு மேல் அவர்களிடம் ஒரு கோளாறும் கிடையாது.

அந்த ஊர் மெல்லிசைக் குழுவில் பாடகன் ஏகாம்பரம். குரல் நல்ல குரல்தான். தலைக்குள் கொஞ்சம் காற்றோட்டம் அதிகம். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் மேலப்பட்டணத்தில் இருந்த பொற்கொடி என்றால் அவனுக்கு உயிர். அவளுக்கும் அவன் மேல் ஆசைதான். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், அது அந்தப் பெண்ணின் தலையெழுத்து. அவளை நினைத்து அவன் ஒரு பாப் பாட்டே கட்டியிருந்தான். 'பொற்கொடியே, கொஞ்சம் திரும்பிப் பாரேன்' என்று ஆரம்பிக்கும். முடிவதும் அப்படியே. நடுவிலும் அதேதான்.

பொற்கொடியின் அப்பா ரத்தினசபாபதி பந்தல் கடை வைத்திருந்தார். பெண் கேட்டுப் போன ஏகாம்பரத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, எவனெவன் பாட்டோ நான் கேட்காமலே என் போன்ல வந்து விழுது. உன் பாட்டு அப்படி வந்து விழட்டும், பொண்ணைத் தர்றேன். ஆடி முடியற வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் வேற இடம்தான்."

ஏகாம்பரத்துக்குச் சோறு இறங்கவில்லை. குழுத் தலைவர் சவரிமுத்துவிடம் போய்க் கண்ணைக் கசக்கினான். சவரிமுத்து கீபோர்டு வாசிப்பார், ஓர் ஆடு வளர்ப்பார், ஊருக்கே யோசனை சொல்வார். அவருடைய தங்கச்சி மகன் ஞானராஜ் சென்னையில் வீடியோ எடிட்டிங் செய்துகொண்டிருந்தான். அவனுக்குப் போன் போட்டார்கள்.

அவன் சொன்ன வித்தை இதுதான்: பாடுகிறவர் கடைவீதியில் பின்பக்கமாகவே நடந்து, பாட்டையும் கடைசியிலிருந்து தலைகீழாகப் பாடவேண்டும். வீடியோவைத் திருப்பிப் போட்டால் அவர் நேராக நடந்து நேராகப் பாடுவார், ஊரே பின்னால் போகும். பார்க்கிறவன் அசந்துபோய் நாலு பேருக்கு அனுப்புவான், அந்த நாலு பேர் நாற்பது பேருக்கு அனுப்புவார்கள்.

சவரிமுத்து போனை வைத்துவிட்டு ஊரைக் கூட்டினார்.

"ஊரே பின்னாடி போகணும்னு சொல்லிட்டான். எல்லாரும் பழகணும்."

"எல்லாருமா?" என்றார் தபேலா வாசிக்கும் குஞ்சிதபாதம். "எனக்கு மூட்டுவலி."

"ஊரேன்னுதானே சொன்னான். ஒருத்தர் குறைஞ்சாலும் அது எப்படி ஊரே ஆகும்?"

மறுநாளே ஊர் மொத்தமும் பின்னால் நடக்க ஆரம்பித்துவிட்டது. சாக்கடையில் விழாத ஆளே இல்லை. மாமியார்கள் மருமகள்கள் மேல் போய் மோதினார்கள், அதில் பாதி வேண்டுமென்றே என்று பேச்சு. டீக்கடையில், வாய் நிறைய டீயோடு வந்து கிளாசில் கொப்பளித்துவிட்டுப் போகப் பழகினார்கள். இதில் குஞ்சிதபாதத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"டீயைத் துப்பின பிறகு பல்லு விளக்கணுமா, இல்ல விளக்கின பல்லை அழுக்காக்கிக்கணுமா?"

பெரியவர்கள் ஒரு பொழுது முழுக்க உட்கார்ந்து பேசி, இருக்கிற பல்லை இருக்கிறபடியே விட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

ஏகாம்பரம்தான் பாவம். விடியற்காலையிலேயே ஆற்றங்கரைக்குப் போய் 'ன்ரேபா ப்பிம்ருதி ம்சஞ்கொ' என்று உருப்போட்டான். துவைக்க வந்தவர்கள் யாருக்கோ பேய் பிடித்துவிட்டது என்று துணியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அவன் நிறுத்தவில்லை. ஆடி பாதி போய்விட்டதே.

படப்பிடிப்பு அன்றைக்கு ஒரு சின்னப் பிசகு இல்லை. முன்னால் கேமரா போக, ஏகாம்பரம் பின்னால் நடந்து பாட, ஊரே பின்னால் நடந்தது. வீடியோ சென்னைக்குப் போனது. ஞானராஜ் திருப்பிப் போட்டுப் பார்த்தான். உடனே சவரிமுத்துவுக்குப் போன் போட்டான்.

"மாமா, சனங்க பாட்டுக்கு நேரா நடந்து போறாங்க. டீக்கடையில டீ குடிக்கிறாங்க. ஒருத்தர் பாடிக்கிட்டே வர்றார். இதுல என்ன மாமா இருக்கு?"

"பார்த்தியா, ஒரு பிசிறு இல்ல!" என்று பூரித்துப் போனார் சவரிமுத்து. "பின்னாடி நடந்தோம்னு எவனாவது கண்டுபிடிக்க முடியுமா?"

ஏகாம்பரத்துக்கு மட்டும் எங்கேயோ உதைத்தது. இணையத்தில் போட்ட வீடியோவை ஊரே பார்த்து மெச்சியது, ஊருக்கு வெளியே ஓர் ஈ காக்கை பார்க்கவில்லை. பொற்கொடியை இன்னொருத்தன் கட்டிக்கொண்டு போவதை நினைத்து நினைத்து அழுதான்.

ஆனால் ஊரிலே பின்னால் நடக்காத ஜீவன் ஒன்று இருந்தது. சவரிமுத்துவின் ஆடு. யார் பேச்சையும் கேட்காமல் அது அன்றைக்குத் தன்பாட்டுக்குச் சுவரில் இருந்த ஒரு போஸ்டரைக் கிழித்துத் தின்றுவிட்டு நேராக நடந்து போயிருந்தது. திருப்பிப் போட்டதில் என்ன ஆயிற்று? ஏகாம்பரத்துக்குப் பின்னால் ஓர் ஆடு பின்பக்கமாகவே நடந்து வருகிறது, வாய்க்குள்ளிருந்து ஒரு போஸ்டரை எடுக்கிறது, சுவரில் சுருக்கமில்லாமல் ஒட்டுகிறது!

எவனோ அதைக் கவனித்துவிட்டான். அவ்வளவுதான், பாட்டு தீயாய்ப் பரவியது. ஆடி முடிவதற்குள் ரத்தினசபாபதியின் போனில் அவர் கேட்காமலே வந்து விழுந்தது. மனுஷன் அதைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். ஆடு ஒட்டியது அவருடைய பந்தல் கடைப் போஸ்டர்.

அவரே பாலம் தாண்டி வந்தார். "மாப்பிள்ளை, பொண்ணு உங்களுக்குத்தான். ஒண்ணே ஒண்ணு. கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை ஊர்வலத்துல அந்த ஆடு பின்னாடியே நடந்து வரணும். சொந்தபந்தமெல்லாம் அதைப் பார்க்கத்தான் வருது."

ஏகாம்பரம் சரி மாமா என்று சொல்லிவிட்டான். அவர் போனதும் கதிகலங்கிப் போனான். அந்த ஆடு ஓர் அடிகூடப் பின்னால் வைக்காதே! சவரிமுத்துதான் தைரியம் சொன்னார்.

"போன தடவை என்ன பண்ணினோம்? நாம பின்னாடி போனோம், ஆடு நேராப் போச்சு. திருப்பிப் போட்டதும் நாம நேரா, ஆடு பின்னாடி. அதையே பண்ணிடுவோம்."

"அப்ப எங்கேருந்து கிளம்பறது?" என்றார் குஞ்சிதபாதம்.

"போய்ச் சேர வேண்டிய இடத்துலேருந்து."

எவ்வளவு பெரிய மூளை என்று ஊரே வியந்தது.

கல்யாணத்தன்று விடிந்ததும் விடியாததுமாக எல்லாரும் மேலப்பட்டணத்து மண்டபத்து வாசலுக்குப் போய்விட்டார்கள். பெண் வீட்டார் உள்ளே சமையல் அமர்க்களத்தில் இருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை. மாலையும் கழுத்துமாக ஏகாம்பரம், மேளதாளம், சீர்வரிசைத் தட்டு, எல்லாம் பின்பக்கமாகவே நகர்ந்து பாலத்தைத் தாண்டிக் கோணமுடுக்குக் குளத்தங்கரைக்கு வந்து சேர்ந்தன. சவரிமுத்து தன் போனில் படம் பிடித்துக்கொண்டே வந்தார். வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில் ஆடு நேராகத் துள்ளி நடந்தது.

முகூர்த்த நேரத்தில் ரத்தினசபாபதியின் போன் வந்தது. மாப்பிள்ளை எங்கே என்று கத்தினார்.

"பதறாதீங்க மாமா, ஊர்வலம் நல்லபடியா முடிஞ்சுது" என்றான் ஏகாம்பரம். "திருப்பிப் போட்டா மண்டபத்துலதான் இருக்கோம்."

அந்தப் பக்கம் யாரோ போனைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. பொற்கொடி. "அங்கேயே இருங்க, அசையாதீங்க" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் பந்தல் சாமான் ஏற்றுகிற குட்டியானை வண்டி பாலத்தில் தடதடத்து வந்தது. முன்னால் டிரைவர் பக்கத்தில் ரத்தினசபாபதி. பின்னால் தாலித் தட்டோடு ஐயர். வண்டியின் கடைசியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள் பொற்கொடி, இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. சவரிமுத்து இன்னும் படம் பிடித்துக்கொண்டே இருந்தார்.

குஞ்சிதபாதம் நெற்றியைச் சுருக்கினார். "ஏம்ப்பா, இதையும் சேர்த்துத் திருப்பிப் போட்டா, பொண்ணு திரும்பிப் போயிடுமே?"

ஏகாம்பரம் பாய்ந்து போனைப் பிடுங்கிக் குளத்தில் வீசினான். அந்தச் சத்தத்தில்தான் பொற்கொடி திரும்பிப் பார்த்தாள். குளத்தங்கரையிலேயே தாலி கட்டியாகிவிட்டது.

மூன்றாம் முடிச்சு விழுந்ததும் கோணமுடுக்கு மொத்தமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கியது. சவரிமுத்து சேற்றைத் துழாவினார். குஞ்சிதபாதம் மூட்டுவலியோடு முங்கி முங்கி எழுந்தார். கரையில் ஆடு மாப்பிள்ளை மாலையைத் தின்றுகொண்டிருந்தது.

"என்னத்தைங்க தேடறாங்க?" என்றாள் பொற்கொடி.

"மண்டபத்தை" என்றான் ஏகாம்பரம். "சாப்பாடு அங்கேதானே இருக்கு."