கோரைத்துறைப் பீரங்கியை யார் நகர்த்துவது?

செந்தலைச் சமஸ்தானத்தின் ஆயுதச் சட்டத்தை முழுதாகப் படித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அதை எழுதியவர்; எழுதிய பிறகு அவரும் படித்ததாகத் தெரியவில்லை. மற்றவர் சூசையம்மாள், கோரைத்துறையின் பத்தொன்பது படகுக்காரர்களுக்குத் தலைவி.

நமக்கு இரண்டு பிரிவுகள் போதும். கைமுட்டி நுழையுமளவு வாயுள்ள எந்தப் பீரங்கிக்கும் ஐப்பசி முடிவதற்குள் தலைநகர் ஆயுதச்சாலையில் முத்திரை குத்த வேண்டும், தவறினால் பறிமுதல் என்பது மூன்றாம் பிரிவு. முத்திரையில்லாததை இருந்த இடத்திலிருந்து நகர்த்துகிறவர் எவராயினும் ஆறு மாதம் சிறை என்பது நான்காம் பிரிவு. முத்திரையோ ஆயுதச்சாலையை விட்டு வெளியே வராது.

கோரைத்துறை மணலில் பழைய கப்பல் பீரங்கி ஒன்று வாய் மேலே தெரியப் பாதி புதைந்து நின்றது. நான்கு தலைமுறையாகப் படகுகளை அதில்தான் கட்டினார்கள். அதன் வாய்க்குள் ஒரு நண்டு குடியிருந்தது. நண்டுகளுக்குச் சட்டம் விலக்கு அளிக்கவில்லை.

கார்த்திகை முதல் நாள் ஆயுத அதிகாரி தாணுமாலயன், ஏட்டு பலவேசத்தையும் நான்கு ஜோடி மாடுகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். கடல் கறுத்திருந்தது, சாயங்காலத்துக்குள் புயல் வந்துவிடும். முந்தைய ஆண்டு பக்கத்துத் துறையில் பனங்கட்டையை நட்டுக் கட்டிய ஆறு படகுகள் கட்டையோடு போயிருந்தன.

புயல் கழியட்டும் என்று சூசையம்மாள் கேட்டாள். அதிகாரி மறுத்தார். ஐப்பசிக்குள் ஏன் முத்திரைக்குக் கொண்டுவரவில்லை என்று அதட்டினார்.

“கொண்டாந்தா வழியில புடிப்பிய. இங்கன இருந்தா இங்கன வந்து புடிக்கிய. நடையாவது எனக்கு மிச்சம்யா,” என்றாள் அவள். படகுக்காரர்கள் சிரித்தார்கள்.

தாணுமாலயன் பறிமுதல் பத்திரத்தை எழுதி உரக்கப் படித்தார். இந்த நிமிடம் முதல் பீரங்கி அரசுடையது. சூசையம்மாள் மறுக்காமல் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். சங்கிலியோடு குனிந்த ஏட்டிடம்தான் பேசினாள்.

“ஏட்டையா, இப்ப இது சர்க்கார் பீரங்கி. நாலாம் பிரிவ ஒருவாட்டி நெனச்சிட்டு, முத்திர இருக்கான்னு பாத்துட்டுக் கட்டும்.”

பலவேசம் சுற்றிவந்து பார்த்தார். சங்கிலியைக் கீழே போட்டார்.

“அந்த ஆறு மாசம் உள்ள நீங்க இருப்பியளாய்யா, நான் இருக்கணுமா?” என்று அதிகாரியைக் கேட்டார்.

வேலை போய்விடும் என்று தாணுமாலயன் மிரட்டிக்கொண்டிருக்கும்போதே, சூசையம்மாள் அரசுடைமையான அந்தப் பீரங்கியில் தன் படகுக் கயிற்றை இன்னொரு சுற்று சுற்றி இறுக்கினாள். மற்றப் பதினெட்டுப் பேரும் சுற்றினார்கள்.

பறித்தவர் ஒருவர், இழுக்க மறுத்தவர் ஒருவர், கட்டியவள் ஒருத்தி. சட்டப்படி இதில் யார் செய்தது சரி? யோசித்துவிட்டுக் கீழே படியுங்கள்.

விடை: மூவருமே. பறிக்க மூன்றாம் பிரிவு இடம் தருகிறது. அதிகாரி அதைச் சரியாகவே செய்தார், தோற்றதும் அதனால்தான்: பீரங்கியோடு அதை நகர்த்தும் குற்றமும் அரசின் தலையில் விழுந்தது. நான்காம் பிரிவில் அரசு ஊழியருக்கு விலக்கு இல்லை. ஆகவே ஏட்டும் சரி. அரசின் பீரங்கியில் படகு கட்டக் கூடாது என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. புயல் மூன்று நாள் அடித்தது. பத்தொன்பது படகுகளும் நின்றன. நான்காம் நாள் சூசையம்மாள் தலைநகருக்கு ஒரு மனு அனுப்பினாள்: “தங்கள் பீரங்கி உப்புக்காற்றில் துருப்பிடிக்கிறது. எண்ணெய் பூச உடனே ஆள் அனுப்பவும்.”