சொரிமுத்து அண்ணாச்சி கடை இயர்போன்

இதில் நான் பார்த்தேன் என்று சொல்வதெல்லாம் நடந்தது. சொரிமுத்து அண்ணாச்சி சொன்னதற்கு மட்டும் நான் பொறுப்பில்லை. பக்கத்தில் ஜூஸ் கடை போட்டிருக்கும் பீர்மைதீன் பாயும் பொறுப்பில்லை. அவர் அங்கேயே கையைத் தூக்கி, "நான் எதையும் நம்பலம்மா, என்னைச் சாட்சிக்கு இழுக்காத" என்று சொல்லிவிட்டார்.

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது அந்த மொபைல் கடை. ஒரு பீரோவைப் படுக்க வைத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவுதான் கடை. மறுநாள் காலை எனக்கு போனில் நேர்முகத் தேர்வு இருந்தது. கணக்குப் பிரிவில் வேலை. அதற்கு ஒரு இயர்போன் வாங்கப் போயிருந்தேன்.

இதற்கு முன்னால் ஒரு நேர்முகத் தேர்வு நடந்து, கெட்டுப்போனது. எங்கள் வீட்டுச் சுவரும் மாவு மில்லின் சுவரும் ஒன்றே. கேள்வி கேட்ட மேடம் முதல் கேள்வியைக் கேட்டது காதில் விழுந்தது. இரண்டாவது கேள்வி யாருடைய மிளகாய் வற்றலோடோ சேர்ந்து அரைபட்டுப் போனது. "மன்னிக்கணும் மேடம், இன்னொரு தடவை" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "அமைதியான ஒரு ரூமுக்குப் போய்ப் பேசலாமே?" எங்கள் வீட்டில் ஒரே ஒரு ரூம். அதில் காவல் வேலை முடித்து வந்த அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். "இதுதான் மேடம் ரூம்" என்றேன். அழைப்பு நின்றுவிட்டது. சிக்னல் போய்விட்டது என்றே நான் சில நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கியது நான்தான் முதலில். அதற்கு அரசாங்கம் ஒரு சான்றிதழ் கொடுக்கும். மில்லை நிறுத்த அது உதவாது. எனவே இந்த முறை முன்னேற்பாடோடு இருக்க நினைத்தேன். மின்னணு வித்தை செய்து சத்தத்தைக் கொல்கிற இயர்போன்கள் நம் கைக்கு எட்டாதவை. காதுத் துளையைச் சும்மா அடைத்துக்கொண்டு வெளிச்சத்தத்தைத் தடுப்பவை மலிவு. வகுப்புக்கும் ஆகும், படிக்கவும் ஆகும். இவ்வளவும் படித்துத் தெரிந்துகொண்டுதான் போனேன்.

"அண்ணாச்சி, வெளிச்சத்தம் உள்ள வராத இயர்போன் வேணும். வயர் வச்சது. மைக் இருக்கணும். விலை கம்மியா."

அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு டப்பாவை எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, முன்னால் இருந்த கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார். டப்பாவில் ஒரு சிங்கம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

"தாயி, இத விக்கணுமான்னே நான் யோசிச்சிக்கிட்டு இருக்கேன். ஆபத்தான சாமான்."

"ஆரம்பிச்சிட்டாரு" என்றார் பாய், மாதுளையை உடைத்துக்கொண்டே.

"எங்க ஊர் அம்மன் கோயில் கொடைக்கு இத மாட்டிக்கிட்டுப் போனேன். வேட்டுப் போடுத இடத்துல போயி நின்னுட்டேன். அத்தனை வேட்டும் என் காலடியில வெடிக்கி. ஊரே காதப் பொத்திக்கிட்டு ஓடுது. எனக்கு என்ன தெரிஞ்சிது? வேட்டி கருகுன வாடை மட்டும் தெரிஞ்சிது. யாரோ தோசையத் தீய விட்டுட்டாளுவன்னு நெனைச்சேன்."

"மூக்குலயும் ரெண்டு மாட்டியிருக்கலாம்லா?" என்றார் பாய்.

"பாய் பேச்ச விடு தாயி. ஜூஸ்ல ஐஸ் எவ்வளவு, பழம் எவ்வளவுன்னு அவரு சொல்லட்டும், அப்புறம் நம்மளக் கேக்கட்டும்."

நான் மெல்ல, "மைக் நல்லா இருக்குமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"மைக்கா? பொறு, வாரேன். மதுரைக்குப் பஸ்ல போனேன். இத மாட்டியாச்சு. டிரைவரு ஹாரன் அடிக்காரு, டிவி அலறுது, ஒரு பச்சப்பிள்ள வீல்வீல்ங்குது. என் காதுல ஒண்ணும் நுழைய முடியல. ஆனா சத்தம்னு ஒண்ணு கெளம்பிட்டா எங்கயாவது போவணும்லா? எனக்கு வந்த சத்தம் பூரா பக்கத்து சீட்டுக்காரர் காதுக்குள்ள போயிட்டு. அவருக்கு அவரு பங்கும் என் பங்குமா டபுளாக் கேக்கு. கோவில்பட்டி தாண்டல, மனுசன் எந்திரிச்சு நின்னு என்னையக் கும்பிடுதாரு. 'ஐயா, உங்க சத்தத்த நீங்களே வச்சிக்கிடுங்க'ன்னு அழுதாராம்."

"அழுதாராம்னா? நீரு பக்கத்துலதான இருந்தீரு?"

"எனக்கு எப்படிவே கேக்கும்? காதுலதான் இது கெடக்கே! கண்டக்டர் அப்புறமா எழுதிக் காட்டுனாரு."

பாய் அடுத்த மாதுளையை எடுத்தார். பொய் இவ்வளவு ஒழுங்காக இருந்தால் எங்கே பிடித்து இழுப்பது? கடைச் சுவரில் 'விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது' என்ற அட்டை தொங்கியது. அந்தக் கடையில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதியிருந்தது அது ஒன்றுதான்.

நான் அந்த அட்டையைப் பார்த்து நின்றதை அண்ணாச்சி நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டார்.

"மதுரையில இறங்குறேன், தல ஒரு பக்கமாச் சாயுது. என்னடான்னு தடவிப் பாத்தா, உள்ள போக முடியாத சத்தமெல்லாம் காது மடல்ல ஒட்டிக்கிட்டுத் தொங்குது. வெளக்கமாத்த வச்சுத் தட்டி, ஒரு சாக்குல அள்ளிக் கட்டுனேன். பாதி ஹாரன், பாதி புரோட்டாக் கடை. அந்த வருசம் எங்க தெருக் கோயில்ல மைக் செட் வைக்க வழியில்ல. நான் சாக்கக் கொண்டு போயி அவுத்து விட்டேன். விடிய விடிய ஊரே தூங்கல. பந்தல்ல வச்சு எனக்குத் துண்டு போட்டாங்க."

"அந்தச் சாக்கு இப்ப எங்கவே?"

"எலி கடிச்சிட்டு."

"அப்படிச் சொல்லித் தப்பிச்சிக்கிடுவீரு."

"தப்பிக்கதா? அந்த எலி இன்னைக்கு வரைக்கும் ஹாரன் அடிக்கு. எங்க வீட்டுப் பூனை ஒதுங்கி வழி விடுது. வேணும்னா வந்து பாரும்."

நான் மணியைப் பார்த்தேன். டப்பாவை எடுத்துத் திருப்பி, பின்னால் இருந்த பொடி எழுத்தை வாசிக்கத் தொடங்கினேன். வாடிக்கையாளர் நழுவுவதைக் கண்ட அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார்.

"எதுக்கு தாயி உனக்கு இது? பாட்டா, பாடமா?"

"இன்டர்வியூ அண்ணாச்சி. நாளைக்கு. வீட்டுக்குப் பக்கத்துல மாவு மில்."

"இன்டர்வியூவா!" அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "எங்க அக்கா மவன் இத மாட்டிக்கிட்டுத்தான் இன்டர்வியூக்கு உக்காந்தான். வெளிச்சத்தம் சுத்தமா இல்ல. அந்த அமைதியில, பெங்களூர்ல கேள்வி கேக்க இருந்த ஆபீசர் மனசுக்குள்ள நெனைக்கது இவன் காதுல விழுது. அவரு வாயத் தொறக்குமுன்ன இவன் பதிலச் சொல்லிட்டான். அடுத்த கேள்விய அவரு நெனைக்கதுக்கு முன்னாலயே அதுக்கும் சொல்லிட்டான். அவரு எந்திரிச்சு, 'தம்பி, இந்த நாற்காலியில நீ உக்காரு'ன்னுட்டு ஊருக்குப் போயிட்டாரு. இப்ப அவரு வேல தேடுதாரு. இயர்போன் கேட்டு நம்ம கடைக்குத்தான் வந்தாரு."

"சம்பளம் எவ்வளவாம் மருமவனுக்கு?" என்றார் பாய்.

"அதான் தெரியல. சம்பளம் கம்மின்னு சொல்லுத பேச்ச மட்டும் இது உள்ள விடாது."

பாய் வாய்விட்டுச் சிரித்தார். என்னால் முடியவில்லை. மேடம் கேட்ட 'அமைதியான ரூம்' எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. இந்த மனிதர் புளுகுவதற்கு எடுத்த சாமானை நம்பித்தான் நாளைக்கு நான் உட்கார வேண்டும்.

"மாட்டிப் பாக்கலாமா அண்ணாச்சி?"

கடையில் ஒரு நொடி அமைதி. இயர்போன் இல்லாமலேயே.

"பாரேன். தாராளமாப் பாரு" என்று ஆணியில் தொங்கிய சாம்பிள் இயர்போனை எடுத்து, சட்டை நுனியில் துடைத்துக் கொடுத்தார். நான் என் கைக்குட்டையில் இன்னொரு தடவை துடைத்துக் காதில் வைத்தேன். "பாய், கொஞ்சம் மிக்ஸியப் போடுங்களேன்" என்றேன்.

பாய் மிக்ஸியைப் போட்டார். சத்தம் அப்படியே உள்ளே வந்தது, கதவைக்கூடத் தட்டாமல். எங்கள் வீட்டு மில்லே அங்கே வந்து நின்ற மாதிரி இருந்தது.

"கேக்குதே அண்ணாச்சி."

"அது மிக்ஸிச் சத்தம் இல்ல தாயி. மிக்ஸி நெனைப்பு. கொஞ்ச நேரத்துல மறந்துரும்."

"அடப்பாவி" என்றார் பாய்.

நான் கழற்றிக் கண்ணாடி மேல் வைத்தேன். வேறு கடை பார்க்க நேரம் இல்லை. நாளைக்கும் "இன்னொரு தடவை, மேடம்" தான் என்று தோன்றியது. பையைத் தோளில் போட்டேன்.

"போவாத, போவாத! விலையில கொறைக்க முடியாது, கொசுறு தாரேன்" என்று அண்ணாச்சி ஓர் ஊறுகாய் பாட்டிலைத் திறந்து கவிழ்த்தார். இயர்போன் முனையில் மாட்டுகிற சின்னச் சின்ன ரப்பர்கள், ஒரு பாட்டில் நிறைய.

"இது எங்கேருந்து அண்ணாச்சி?"

"கம்பெனிக்காரன் டப்பாக்குள்ள கூட ரெண்டு ஜோடி போட்டு அனுப்புவான், ஒண்ணு பிஞ்சா ஒண்ணு மாத்திக்கிட. சரக்கு வந்த அன்னைக்கே எடுத்து இதுல போட்டுருவேன். பேரம் பேசுதவங்களுக்குக் கறிவேப்பிலை மாதிரி ஒரு ஜோடி குடுப்பேன். எல்லாரும் சந்தோசமாப் போவாங்க."

நான் ரப்பர்களைப் பார்த்தேன். சில சிறியவை, சில பெரியவை. டப்பாவின் பின்புறத்தைத் திரும்ப எடுத்தேன். அங்கே மூன்று காதுகள் வரைந்திருந்தன; ஒவ்வொன்றின் கீழும் ஒவ்வோர் அளவு ரப்பர்.

"அண்ணாச்சி, இது உபரி இல்ல. ஆளாளுக்குக் காது ஓட்டை அளவு வேற. பொருந்துத ரப்பர் போட்டாத்தான் அடைக்கும். இல்லன்னா இடுக்கு வழியாச் சத்தம் வரும்."

"அந்தக் காது படமா? அது டப்பா வெறுமையாத் தெரியக் கூடாதுன்னு போடுதது."

பாய் மிக்ஸியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "அப்ப இத்தன வருசமா காத எடுத்து பாட்டில்ல போட்டுட்டு, வெறுந்தோட்ட வித்திருக்கீரு!"

நான் பெரிய ரப்பர் ஒரு ஜோடியைப் பொறுக்கி, துடைத்து, மாட்டி, காதைக் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டு செருகினேன். ரப்பர் உள்ளே போய் இறுக்கமாக உட்கார்ந்தது. பாயைப் பார்த்துத் தலையசைத்தேன். அவர் பொத்தானைத் திருகினார்.

மிக்ஸி நடுங்கியது. மாதுளை சுழன்று சிவந்தது. எனக்கு எங்கோ தூரத்தில் ஒரு வண்டு பறப்பது போல இருந்தது, அவ்வளவுதான். தெருவில் பஸ் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு போனது. அதுவும் நழுவிப் போய்விட்டது. போனில் வகுப்புப் பாடம் ஒன்றைப் போட்டேன். ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போலக் கேட்டது. மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது, இது நின்றுவிடுமோ என்று.

நிமிர்ந்தபோது அண்ணாச்சி பேசிக்கொண்டிருந்தார். பேச்சு வேகம் எடுத்திருந்தது. இரண்டு கையையும் விரித்து, கடையைவிடப் பெரிய எதையோ அளந்து காட்டினார். ஸ்டூலில் ஏறி நின்றார். வானத்தைக் காட்டினார், எதையோ பிடித்து இழுத்தார், குனிந்து கும்பிட்டார். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்று கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு போனார். அவ்வளவையும் நான் பார்த்தேன். ஒரு சொல் கேட்கவில்லை.

பாய் மிக்ஸியை அணைத்ததும் ஒரு பக்கத்தைக் கழற்றினேன்.

"...அதுக்குப் பெறகுதான் தாயி, நெலா திரும்பி அதோட எடத்துக்கே போச்சு" என்று முடித்து, வேர்வையைத் துடைத்தார் அண்ணாச்சி. "இப்பமாவது நம்புதியா?"

"நம்புறேன் அண்ணாச்சி. நீங்க சொன்னது ஒண்ணுமே கேக்கல. இதையே குடுங்க."

அண்ணாச்சி வெற்றி பெற்றவர் போல நெஞ்சை நிமிர்த்தி, டப்பாவைப் பையில் போட்டார். பெரிய ரப்பரை, கொசுறு என்றே சொல்லி, தம் கையால் எடுத்துக் கொடுத்தார். அப்போது பாய் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு கண்ணாடி மேல் சாய்ந்தார்.

"வே, எனக்கும் ஒண்ணு எடும். பெரிய ரப்பரா."

"உமக்கு எதுக்குவே? பாட்டுக் கேக்கவா?"

"இல்ல" என்றார் பாய். "நாளைக்கும் நான் இங்கனதான கடை தொறக்கணும்."