பத்து லட்சம் பேர்

கொன்றைநாடு என்றொரு நாடு இருந்தது. மலை ஒன்று, ஆறு ஒன்று, ராஜா ஒருவர். மற்றதெல்லாம் வயல். ராஜா விசயகண்டருக்குத் தம் யானைகள் எத்தனை என்று தெரியும். ஒவ்வொன்றின் பெயரும் தெரியும். ஜனங்கள் எத்தனை என்று தெரிந்துகொள்ள மட்டும் அதுவரை அவசியம் வந்ததில்லை.

பக்கத்து வேங்கைநாட்டுத் தூதன் ஒரு நாள் விருந்துக்கு வந்தான். பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, “எங்கள் நாட்டில் ஐந்து லட்சம் பேர். இங்கே எப்படி?” என்று கேட்டுவிட்டான்.

“பத்து லட்சம்” என்றார் ராஜா, சட்டென்று.

தூதன் போனதும் முதலமைச்சர் மூவேந்தராயரைக் கூப்பிட்டார். “நாட்டு ஜனங்களை எண்ணுங்கள். பத்து லட்சம் வர வேண்டும்.”

“வந்துவிட்டது, மகாராஜா. இனி எண்ணுவதுதான் பாக்கி” என்றார் மூவேந்தராயர். சும்மாவா முதலமைச்சர் ஆனார்?

ஒரே மாதத்தில் எண்ணி முடித்தார். சரியாகப் பத்து லட்சம். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. அந்த ஒரு மாதமும் நாட்டில் யாரும் பிறக்கவுமில்லை, சாகவுமில்லை போலிருக்கிறது. ராஜா பூரித்துப்போய்க் கோட்டை வாசலில் அந்த எண்ணைக் கல்லில் வெட்ட வைத்தார். இந்த எண் தவறு என்று யார் சொன்னாலும் நாக்கு அறுக்கப்படும் என்று கீழே ஒரு வரி.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பத்து லட்சம் பேர் உள்ள நாட்டுக்குப் பெரிய மதில் வேண்டாமா? பத்துப் பேருக்கு ஒருவர் ஆறு மாதம் மதில் வேலைக்கு வர வேண்டும் என்று முரசு அறைந்தார்கள்.

மூன்றாம் நாள் முள்ளிக்குடியிலிருந்து சிலம்பாயி என்ற பெண் தலைநகருக்கு நடந்தே வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. நேரே குழைக்காதர் வீட்டுக்குப் போனாள். அரசவையில் யோசனை சொல்வது குழைக்காதரின் உத்தியோகம். சொன்ன யோசனையைக் கேட்பது யாருடைய உத்தியோகமும் இல்லை.

“ஐயா, எங்க ஊர்ல நாங்க நாப்பதே பேருங்க. ஓலையில நானூறுன்னு இருக்குதாம். பத்துக்கு ஒண்ணுன்னா நாப்பது. ஊரையே கூப்பிடுறாங்க. கதிரு முத்தி நிக்குது, யாருங்க அறுக்கிறது?”

“நாற்பது எப்படியம்மா நானூறு ஆயிற்று?”

“என்னை மகள்னு ஒரு தடவை எழுதினாங்க. பெண்டாட்டின்னு ஒரு தடவை. அம்மான்னு, அக்கான்னு, அண்ணின்னு, நாத்தனார்னு... என் ஒருத்திக்கிட்டேயே பத்துப் பேரை எடுத்துட்டாங்க. இந்தா, இவளுக்கு ஏழு மாசம். வருங்கால மாமியார்னு எழுதியிருக்காங்க.”

குழைக்காதருக்குச் சிரிப்பு வந்தது. உடனே கணக்குப் போட்டுப் பார்த்தார். எல்லா ஊரிலும் இப்படித்தான் எண்ணியிருப்பார்கள். அப்படியானால் நாட்டில் இருப்பதே ஒரு லட்சம் பேர். மதிலுக்குக் கேட்பதும் ஒரு லட்சம் பேர். அறுப்பு நின்றுபோனால், மதில் எழும்பும்போது அதற்குள் காப்பாற்ற ஆள் இருக்காது. ஆனால் எண் தவறு என்று சொல்ல நாக்கு வேண்டுமே!

மறுநாள் சபையில் எழுந்து நின்றார். “மகாராஜா, ஆள் திரட்டும் வேலையை எனக்குக் கொடுங்கள். அமைச்சரின் ஓலையில் உள்ளபடியே, எழுத்துப் பிசகாமல் திரட்டுகிறேன்.”

“ஒரு ஆள் குறைந்தாலும் உன் தலை போகும்” என்றார் ராஜா.

மூவேந்தராயருக்கு அன்று சாப்பாடு ருசித்தது.

குழைக்காதர் ஊர் ஊராகச் சொல்லி அனுப்பினார். முள்ளிக்குடிக்குத் தாமே போனார்.

“சிலம்பாயி, ஓலைப்படி நீ பத்துப் பேர். ஒன்பது பேர் இங்கேயே இருந்து கதிர் அறுங்கள். நாத்தனாரை மட்டும் மதிலுக்கு அனுப்பிவிடு. ஆண்கள் மைத்துனனை அனுப்பட்டும்.”

சிலம்பாயி ஒரு கணம் விழித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நாத்தனாரை அனுப்பணும்னா எந்தப் பொம்பளை ஐயா மாட்டேன்னு சொல்லுவா?”

நாடெங்கும் அறுப்பு ஜோராக நடந்தது. ஒரு மாதம் கழித்து ராஜா பரிவாரத்தோடு மதில் பார்க்கப் போனார். வெட்டவெளி. ஒரு வெள்ளாடு மேய்ந்துகொண்டிருந்தது.

“எங்கே லட்சம் பேர்?” என்று ராஜா கர்ஜித்தார்.

“இதோ, மகாராஜா. ஐம்பதாயிரம் நாத்தனார்கள், ஐம்பதாயிரம் மைத்துனர்கள். உண்பதில்லை, உறங்குவதில்லை, கூலி கேட்பதில்லை. என் மேல் சந்தேகம் என்றால், இவர்களை எண்ணியவர் பக்கத்திலேயே இருக்கிறார். கேளுங்கள்.”

ராஜா அமைச்சரைப் பார்த்தார். இல்லை என்றால் ஓலை பொய். இருக்கிறார்கள் என்றால் கண் பொய். மூவேந்தராயர் வெட்டவெளியை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

“நி... நிற்கிறார்கள், மகாராஜா. நல்ல கூட்டம்.”

ராஜா எதையோ சொல்ல வாயைத் திறந்தார். நாக்கை அறுக்கும் சட்டத்தில் ராஜாவுக்கு விலக்கு எழுத மறந்தது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் ஆட்டையே பார்த்தார்.

“ஆள் இருக்கட்டும். ஒரு மாதமாகக் கட்டிய மதில் எங்கே?”

“கட்டி முடித்துவிட்டார்களே! அமைச்சர் எண்ணிய ஆட்கள் எப்படியோ, அவர்கள் கட்டிய மதிலும் அப்படியேதான்.”

ராஜா முறைத்தார். முறைத்துக்கொண்டிருக்கும்போதே உதடு துடித்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார்.

கல்வெட்டைப் பெயர்த்தார்கள். மதில் வேலை உத்தரவு ரத்தானது. பெயர்த்த கல்லைப் பத்துத் துண்டாக உடைத்து, மலையடிவாரம் வரை சுமக்க மூவேந்தராயரை நியமித்தார்கள். மகனாக, கணவராக, மாமனாராகப் பத்து நடை. குழைக்காதருக்கு முத்துமாலை கிடைத்தது. ஜனங்களைப் புதிதாக எண்ணும் வேலையும் அவர் தலையில் விழுந்தது.

எண்ணி முடித்து ஓலையை நீட்டினார். ராஜா படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“ஒரு லட்சத்துச் சொச்சம்தானா? அமைச்சரின் பத்து லட்சத்துக்கு முன்னால் இவர்களிடம் அப்படி என்ன விசேஷம்?”

“ஒன்றே ஒன்றுதான், மகாராஜா” என்றார் குழைக்காதர். “இவர்களுக்குப் பசிக்கும்.”