ஜமீன் காளை கறந்த இருபது லிட்டர்

மொட்டைக்குளத்துக்காரர்களுக்கு அறிவுப் பஞ்சமே கிடையாது. யாரும் எடுத்துச் செலவழிக்காததால், ஊர் தோன்றிய நாளிலிருந்து அது அப்படியே சேர்ந்து கிடக்கிறது. நான் பக்கத்து ஊர்க்காரன். எனக்குப் பொழுதுபோக்குப் பஞ்சம் கிடையாது.

அந்த ஊரில் ஒரு பால் சங்கம் உண்டு. காலைப் பாலை வண்டி வந்து எடுத்துப் போகும். சாயங்காலப் பாலுக்கு வண்டி கிடையாது, வைத்திருந்தால் திரிந்துவிடும். அதனால் அத்தனையையும் உறை ஊற்றிவிடுவார்கள். கல்யாண வீட்டில் மோர்க்குழம்பு, இழவு வீட்டில் மோர்க்குழம்பு, கோயில் கொடையில் மோர்க்குழம்பு. பெண் பார்க்க வந்தவர்கள் ஊர் எல்லையில் காற்றில் வந்த வாசனையை முகர்ந்துவிட்டு அப்படியே திரும்பிப் போனதும் உண்டு. பால் குளிர்விக்கும் தொட்டி ஒன்று வந்தால்தான் இந்த ஊர் இனி சாம்பார் பார்க்கும் என்கிற நிலைமை.

பால் ஒன்றியத்தில் இருந்ததோ ஒரே ஒரு தொட்டி. அதை மொட்டைக்குளமும் கேட்டது, புளியங்குளமும் கேட்டது. ஒன்றியத்து அதிகாரி ஜெசிந்தா மேடம், சங்கத் தலைவர் ஆவுடையப்பனுக்குப் போன் போட்டார்.

“அண்ணாச்சி, ரொம்பச் சின்ன வேலை. கம்ப்யூட்டர்ல எக்செல்லைத் திறங்க. ஒரு நெடுவரிசையில மாடு தினம் எத்தனை கிலோ தீவனம் தின்னுதுன்னு போடுங்க. பக்கத்து நெடுவரிசையில அதே மாடு எத்தனை லிட்டர் கறக்குதுன்னு போடுங்க. ரெண்டையும் சேர்த்து எடுத்து ஒரு சிதறல் வரைபடம் போட்டு அனுப்புங்க. ஒரு மாட்டுக்கு ஒரு புள்ளி. தீவனம் கூடக்கூடப் பாலும் கூடுதுன்னு புள்ளியெல்லாம் மேல ஏறிக் காட்டணும். வெள்ளிக்கிழமைக்குள்ள யாரோடது ஒழுங்கா வருதோ அவங்களுக்குத்தான் தொட்டி. ஒரு மாட்டையும் விட்டுடாதீங்க.”

கடைசி வாக்கியத்தை மேடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சங்கத்தில் பதிவான மாடுகளில் ஒன்று பிச்சம்மாளுடைய ஜமீன். தின்பதும் படுப்பதும் தவிர வேறு வேலை பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயர். திமிலும் கொம்பும் கொண்ட, சந்தேகத்துக்கு இடமில்லாத காளை. அதை எப்படிப் பால் சங்கத்தில் பதிந்தார்கள் என்று கேட்காதீர்கள். பதிந்த அன்று அது படுத்திருந்ததாம்.

பால் அளக்கிற கொம்பையா வாளியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஜமீனிடமும் போனார். திரும்பி வரும்போது ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தார்.

“எவ்வளவு வே?” என்றார் செயலாளர் முத்துநாயகம். கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு. அதைத் துடைக்க அவருக்கு நன்றாகத் தெரியும்.

“சைபர்.”

“நேத்து?”

“நேத்தும் சைபர்தான். ஆனா ஒண்ணு சொல்லணும் வே. மத்த மாடு ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். இது ஒருநாளும் குறைஞ்சதில்ல.”

“நம்பிக்கையான மாடு,” என்று சொல்லி முத்துநாயகம் சைபரை அடித்தார்.

எந்த மாட்டை முதலில் போடுவது என்று ஒரு தகராறு வந்தது. ஆவுடையப்பன் தீர்த்துவைத்தார். “கொஞ்சமாத் தின்னுதது முதல்ல. கூடத் தின்னுதது கடைசில. பெரிய வாயை முதல்ல உக்கார வச்சா பந்தி என்ன ஆவும்?” ஆக, முத்துநாயகத்தின் குள்ளப் பசு குட்டச்சி முதலாவதாகவும், ஜமீன் கடைசியாகவும் உட்கார்ந்தன.

பொத்தானை அமுக்கியதும் திரையில் புள்ளிகள் வந்தன. ஊரே சங்கத்துக்குள் வந்து நின்று பார்த்தது.

“இதுல எங்க ஜமீன் எது?” என்றாள் பிச்சம்மாள்.

“எல்லாம் ஒரே நீலமா இருக்கே மதினி. எப்படிச் சொல்ல?” என்றார் முத்துநாயகம்.

“பெத்த பிள்ள மாதிரி வளத்தது. அடையாளம் தெரியாம நிக்கணுமாக்கும்?”

கொம்பையாவுக்கு வேறு மனக்குறை. “என் மாடு ஆனை மாதிரி இருக்கும். குட்டச்சி ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும். ரெண்டுக்கும் ஒரே அளவுல புள்ளி வச்சா என்ன நியாயம்?”

பிச்சம்மாள் தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, கடைசியில் இருந்த புள்ளிமேல் ஒட்டினாள். அதைப் பார்த்து மற்றப் பெண்களும் அவரவர் மாட்டின் மேல் ஒட்டினார்கள். கொம்பையாவின் மனைவி பெரிய பொட்டாக ஒட்டினாள். பிரச்சினை தீர்ந்தது.

அப்போது முத்துநாயகத்தின் விரல் மவுஸ் உருளையில் பட்டது. புள்ளிகளெல்லாம் சரசரவென்று மேலே போயின. பொட்டுகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

“மாடெல்லாம் அத்துக்கிட்டு ஓடிட்டு வே,” என்றார் ஆவுடையப்பன்.

அவ்வளவுதான். ஆளுக்கொரு கயிற்றை எடுத்துக்கொண்டு தொழுவங்களுக்கு ஓடினார்கள். மாடுகள் அசைபோட்டபடி இவர்களைப் பார்த்தன. கட்டியிருந்த மாட்டுக்கெல்லாம் இன்னொரு கயிறு போட்டு இறுக்கிவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்கள். அதற்குள் முத்துநாயகம் உருளையைப் பழையபடி தள்ளியிருந்தார். புள்ளிகள் பொட்டுக்கடியில் வந்து நின்றன.

“பாத்தீரா,” என்றார் கொம்பையா. “கயிறு போட்டதும் வந்துட்டு.”

இப்போதுதான் ஆவுடையப்பன் ஒன்றைக் கவனித்தார். எல்லாப் புள்ளிகளும் கூட்டமாக மேல்நோக்கி ஏற, ஒன்று மட்டும் வலது ஓரத்தில், தரையோடு தரையாகத் தனியாகக் கிடந்தது. பிச்சம்மாள் பொட்டு.

“மதினி, உங்க மாடு ஏன் கூட்டத்தை விட்டுத் தள்ளி நிக்கி?”

“அது யாரோடயும் சேராது.”

“ஒத்த மாட்டால ஊருக்கே தொட்டி இல்லாமப் போயிரும் போலிருக்கே. காலம்பூரா மோர்க்குழம்புதானா?”

மோர்க்குழம்பு என்ற சொல்லைக் கேட்டதும் நாலைந்து பேருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே போய் ஜமீனை அவிழ்த்துவந்து, பசுக்களுக்கு நடுவில் கட்டினார்கள். திரும்பி வந்து திரையைப் பார்த்தார்கள். புள்ளி நகரவில்லை. இன்னும் நெருக்கிக் கட்டினார்கள். ஜமீனுக்குச் சந்தோஷம், புள்ளிக்கு ஒரு மாற்றமும் இல்லை.

வேறு வழியில்லாமல் மேடத்துக்குப் போன் போட்டார் ஆவுடையப்பன். “மேடம், ஒரு புள்ளி மட்டும் தனியாக் கிடக்கு.”

மேடம் ஏதோ கூட்டத்தில் இருந்தார் போல. தாழ்ந்த குரலில், “எங்கயாவது தப்பா அடிச்சிருப்பீங்க அண்ணாச்சி. பாலைச் சின்னதுலேர்ந்து பெரிசா அடுக்கிப் பாருங்க, தெரிஞ்சிடும்,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

முத்துநாயகம் பால் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, அடுக்கு என்றார். கம்ப்யூட்டருக்கே தாளவில்லை. ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, பக்கத்து நெடுவரிசையையும் சேர்த்து அடுக்கவா என்று கேட்டது.

“என்ன வே கேக்கு?”

“தீவனத்தையும் சேக்கவான்னு கேக்கு அண்ணாச்சி.”

“மேடம் என்ன சொன்னாவ?”

“பாலை அடுக்கச் சொன்னாவ.”

“அப்ப தீவனத்தை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? வேண்டாம்னு சொல்லும்.”

வேண்டாம் என்று சொன்னார். தீவனம் இருந்த இடத்திலேயே இருந்தது. பால் மட்டும் கீழிருந்து மேலாகத் தன்னை அடுக்கிக்கொண்டது. புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக, பள்ளிப் பிள்ளைகள் மாடி ஏறுகிற மாதிரி ஒழுங்காக ஏறி நின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, வலது உச்சியில் ஒரு புள்ளி. முத்துநாயகம் அட்டவணையின் கடைசி வரியில் விரலை வைத்துப் படித்தார்.

“ஜமீன். இருபது லிட்டர்.”

பிச்சம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “எனக்கு அப்பவே தெரியும். கூச்ச சுபாவம், அதான் அடக்கி வச்சிருந்துருக்கு.”

“அப்ப சைபரு யாரு?” என்றார் கொம்பையா.

முத்துநாயகத்தின் முகம் வாடியது. “நம்ம குட்டச்சி.”

“காலையில கூட நல்லாத்தானே வே கறந்துது?”

“காலையில வேற. இது அதுக்குப் பிறகு வந்த கணக்கு.”

வெள்ளிக்கிழமை படம் போய்ச் சேர்ந்தது. புளியங்குளத்துப் படத்தில் புள்ளிகள், நிஜ மாடுகளுக்கு எப்படி இருக்குமோ அப்படி, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏறியிருந்தன. மொட்டைக்குளத்தினுடையதோ நூல் பிடித்த மாதிரி இருந்தது. தொட்டியோடு நேரில் வருவதாகவும், உச்சியில் இருக்கிற மாட்டைப் பார்க்க ஆசையாக இருப்பதாகவும் மேடம் சொல்லி அனுப்பினார்.

இடைப்பட்ட நாட்களில் கொம்பையா பெரிய கேனோடு ஜமீனிடம் போய் வந்தார். இப்போது இன்னொரு காலும் இழுத்தது. “பால் இருக்கு. படத்துல இருக்கே. தர மாட்டேங்கு,” என்றார். குட்டச்சியோ வழக்கம்போலக் கறந்தது. முத்துநாயகம் அந்தப் பாலைச் சங்கத்துக்குக் கொண்டுவந்தபோது ஆவுடையப்பன் வாங்க மறுத்துவிட்டார். சைபர் கறக்கிற மாட்டுக்குப் பால் ஏது? யார் வீட்டுப் பாலோ, நமக்கு எதுக்கு வம்பு என்றார். முத்துநாயகத்துக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

திங்கள்கிழமை பிற்பகல் லாரியில் தொட்டி வந்து நின்றது. பளபளவென்று இருந்தது. மேடம் இறங்கினார். சாயங்காலப் பாலெல்லாம் முன்கூட்டியே கறந்து, கொம்பையா ஒவ்வொரு வீடாக அளந்து ஊற்றி, பெரிய அண்டாவில் தயாராக இருந்தது. மாலை போட்டு, கொம்புக்குச் சந்தனம் பூசி, ஜமீனை நடத்தி வந்தாள் பிச்சம்மாள்.

மேடம் முன்னால் பார்த்தார். பின்னால் பார்த்தார். குனிந்து பார்த்தார்.

“அண்ணாச்சி, இது காளை.”

“ஆமா மேடம்,” என்றார் ஆவுடையப்பன். “வெள்ளிக்கிழமை வரைக்கும் காளையாத்தான் இருந்துது.”

மேடம் நேராகப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பொட்டுகளை ஒதுக்கிப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. வெளியே வந்தபோது அவர் குரலில் ஒரு களைப்பு.

“பாலை மட்டும் தனியா அடுக்கிட்டீங்க. ஒரு மாட்டோட பால் இன்னொரு மாட்டுக்குப் போயிடுச்சு. தொட்டி வேணுமா வேண்டாமா உங்களுக்கு?”

“வேணும் மேடம்,” என்றது ஊர்.

“அப்ப எந்தப் பால் எந்த மாட்டோடதோ, அதை அந்தந்த மாட்டுக்கே திரும்பக் குடுங்க. ஒரு சொட்டு மாறக் கூடாது. நான் டீ குடிச்சிட்டு வரேன். அதுக்குள்ள முடிக்கலைன்னா லாரி புளியங்குளத்துக்குப் போயிடும்.”

மேடம் டீக்கடைப் பக்கம் போனார். இங்கே ஒரு அவசர ஆலோசனை நடந்தது.

“எல்லாத்தையும் ஒரே அண்டாவுல ஊத்திட்டமே வே,” என்றார் ஆவுடையப்பன். “எது யாரு பாலுன்னு எப்படித் தெரியும்?”

கொம்பையா யோசித்தார். இதை அவர் வாழ்க்கையின் உச்சம் என்று அந்த ஊரில் இன்றும் சொல்வார்கள். “அண்ணாச்சி, முதல்ல ஊத்தினது அடியில இருக்கும். கடைசில ஊத்தினது மேல இருக்கும். மேலேருந்து எடுத்து, ஊத்தின வரிசைக்குப் பின்னோக்கிக் குடுத்துட்டே வந்தா முடிஞ்சுது.”

“கலக்கிராதீங்கடா,” என்று எல்லாரையும் எச்சரித்தார் ஆவுடையப்பன்.

அண்டாவைச் சுற்றி மூச்சுவிடாமல் நின்று, மேலாக மொண்டு மொண்டு ஓடினார்கள். பசுக்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மூங்கில் குழாயைக் கொண்டுவந்து, வாயைப் பிளந்து, ஒவ்வொன்றுக்கும் அதனதன் பாலை அளந்து ஊற்றினார்கள். குட்டச்சிக்கு மட்டும் முத்துநாயகம், சங்கம் வாங்காத அதன் பாலை வீட்டிலிருந்து கொண்டுவந்து, தன் மடியில் தலையைச் சாய்த்துவைத்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே புகட்டினார்.

மேடம் டீ குடித்துவிட்டு வந்தபோது சங்கத்தில் ஆள் இல்லை. கம்ப்யூட்டரில் எதுவும் மாறவில்லை. நல்லவேளையாக, முத்துநாயகம் எதையும் அழிக்கப் பயப்படுகிறவர். அடுக்குவதற்கு முந்தைய பிரதி பத்திரமாக இருந்தது. மேடமே அதைத் திறந்து, ஜமீனின் வரியை நீக்கி, புதிதாகப் படம் போட்டார். புள்ளிகள் கொஞ்சம் சிதறி, ஆனால் நேர்மையாக, மேலே ஏறின. புளியங்குளத்தைவிட ஒரு படி நன்றாகவே இருந்தது.

வெளியே வந்து டிரைவரிடம், “இறக்கிடுங்க,” என்றார்.

தொட்டியை இறக்கி, கம்பியை மாட்டி, சுவிட்சைப் போட்டார்கள். அது மெல்ல உறுமத் தொடங்கியது. ஊரே காது கொடுத்துக் கேட்டது. யாரோ சாம்பார் என்று மெதுவாகச் சொன்னார்கள்.

“சரி, பாலை ஊத்துங்க,” என்றார் மேடம்.

எல்லாரும் ஆவுடையப்பனைப் பார்த்தார்கள். ஆவுடையப்பன் மேடத்தைப் பார்த்தார். உதட்டோரம் பால் வழிய, வயிறு உப்பி நின்ற மாடுகளைக் கையால் காட்டினார்.

“நீங்க சொன்னபடி குடுத்தாச்சு மேடம். ஒரு சொட்டு மாறலை.”

மேடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பிச்சம்மாள் குறுக்கே வந்துவிட்டாள். “எல்லா மாட்டுக்கும் குடுத்தீயளே, எங்க ஜமீன் பங்கு எங்க?”

தவறுதான் என்று கொம்பையா ஒப்புக்கொண்டார். பழைய கணக்கைக் கேட்டு உறுதி செய்துகொண்டு, ஒரு வாளியில் சைபர் லிட்டரைக் கவனமாக அளந்தார். சிந்திவிடாமல் இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு காலையும் இழுத்து இழுத்து நடந்துபோய், ஜமீன் முன்னால் வைத்தார்.

மற்ற மாடுகளெல்லாம் கொஞ்சமாவது துப்பியிருந்தன. ஜமீன் மட்டும்தான் தன் பங்கை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தது.